பழைய லேப்டாப் + 43 இன்ச் 4கே டிவி: 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை, எழுத்தும் மங்கல்

மேசைவிளக்கு:

வணக்கம். மானிட்டருக்குப் பதிலாக 43 இன்ச் 4கே டிவியை மேசைமேல் வைத்து வேலை பார்க்கலாம் என்று முயற்சி. விவரம் இது:

லேப்டாப்பில் இன்டெல் 8-ஆம் தலைமுறை ஐ5-8250யு, யுஎச்டி 620 கிராஃபிக்ஸ். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. விண்டோஸ் 11. ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி, இரண்டு சாதா யூஎஸ்பி. டிவியில் மூன்று எச்டிஎம்ஐ துளைகள். இப்போது 2-ஆம் எண்ணில் மாட்டியிருக்கிறது. செட்டாப் பாக்ஸோடு வந்த 1.5 மீட்டர் கேபிள்.

பிரச்சினை:
1. 3840×2160 கிடைக்கிறது, ஆனால் 30 ஹெர்ட்ஸ் மட்டும்தான். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தாவித் தாவிப் போகிறது.
2. 1920×1080 வைத்தால் 60 வருகிறது. ஆனால் டாஸ்க்பார் பாதி கீழே மறைகிறது, எழுத்து கலங்கலாக இருக்கிறது.
3. டிவியில் சத்தம் வரவில்லை. லேப்டாப் ஸ்பீக்கரில்தான் வருகிறது.

யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்கினால் 60 கிடைக்கும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா? வேலை முழுக்க எழுத்துதான்: எக்செல், வேர்டு, பிரவுசர். கேம் கிடையாது.

---

பிக்சல்கணக்கு:

ஹப்பை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் வேறு வேறு, ஒன்றோடொன்று போட்டுக் குழப்ப வேண்டாம்.

முதலில் 30 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 30 முறை மட்டும் புதுப்பிக்கப்படுவது. 4கே என்றால் திரையில் தெரிவது 3840×2160 புள்ளிகள். கம்பியில் போகும்போது ஓரத்தில் வெற்றுப் புள்ளிகளும் சேர்ந்து 4400×2250 ஆகிறது. அதை 60-ஆல் பெருக்கினால் நொடிக்கு 59.4 கோடிப் புள்ளிகள், அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4-ன் உச்சமே 340 மெகாஹெர்ட்ஸ். பாதி, அதாவது 30 ஹெர்ட்ஸுக்குரிய 297 தான் அதில் அடங்கும். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். அது 2013-இல் வந்தது என்றாலும், இன்டெலின் 8-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்பில் உள்ளே இருப்பது 1.4 தான். 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்புகளில் 2.0 நேரடியாகவே இருக்கிறது. சில லேப்டாப்களில் தயாரிப்பாளரே பலகையில் ஒரு மாற்றிச் சிப்பை வைத்து 2.0 கொடுத்திருப்பார்கள். அதனால் உங்கள் மாடலின் விவரத்தாளில் எச்டிஎம்ஐ பக்கத்தில் 1.4 என்று போட்டிருக்கிறதா, 2.0 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 1.4 என்றால் அந்தத் துளையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. டிரைவர் புதுப்பித்தாலும் வராது, கேபிள் மாற்றினாலும் வராது.

ஆனால் அதே சிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருக்கிறது. எச்டிஎம்ஐ மாதிரியே படத்தை அனுப்பும் இன்னொரு முறை அது. அதற்கு 4கே 60 ஹெர்ட்ஸ் சாதாரணம். அந்த சிக்னல் வெளியே வரும் வழி பெரும்பாலும் உங்கள் டைப்-சி துளைதான். எல்லா டைப்-சியிலும் வராது. துளைக்குப் பக்கத்தில் அச்சிட்ட குறியைப் பாருங்கள்:

- 'டி' எழுத்துக்குள் 'பி' பொதிந்த மாதிரி ஒரு குறி: டிஸ்ப்ளேபோர்ட் உண்டு.
- மின்னல் அம்பு: தண்டர்போல்ட். அதிலும் டிஸ்ப்ளேபோர்ட் உண்டு.
- யூஎஸ்பியின் மூன்று கிளைக் குறி மட்டும்: டேட்டா மட்டுமாக இருக்கலாம். குறி போடாமலே வசதி கொடுத்தவர்களும் உண்டு, விவரத்தாளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இப்போது ஹப் விஷயம். டைப்-சி வழியாகப் படத்தை அனுப்ப நான்கு தடங்கள் இருக்கின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் தடத்துக்கு நொடிக்கு 5.4 கிகாபிட். நான்குக்கு 21.6, அதில் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டுச் செலவாகப் போக, கையில் நிற்பது 17.28. 4கே 60-க்கு வேண்டியது 14.26. தாராளமாகப் போகும். ஆனால் யூஎஸ்பி 3.0 வகைத் துளைகள் உள்ள ஹப்பை மாட்டினால், நான்கில் இரண்டு தடத்தை யூஎஸ்பிக்கு விட்டுக்கொடுத்துவிடும். படத்துக்கு மிஞ்சுவது 8.64. அதில் 4கே 30 தான் ஓடும். ஹப்பின் பெட்டியில் 4கே 60 என்று போட்டிருப்பதும் பொய் இல்லை, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள புது லேப்டாப்பில் அது வரும், உங்களுடையதில் வராது. பணமும் போய் அதே 30-இல் உட்கார்ந்திருப்பீர்கள்.

வாங்க வேண்டியது: டைப்-சி டு எச்டிஎம்ஐ தனி அடாப்டர், அல்லது ஒரு முனையில் டைப்-சி, மறு முனையில் எச்டிஎம்ஐ உள்ள ஒரே கேபிள். '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். '4கே' என்று மட்டும் இருந்தால் அது 30 தான்.

டைப்-சியில் டிஸ்ப்ளேபோர்ட் இல்லையென்றால்: எச்டிஎம்ஐயிலேயே 2560×1440, 60 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். அதற்கு 241.5 மெகாஹெர்ட்ஸ் போதும், 1.4-க்குள் அடங்கும். சில டிவிகள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்றால் 1080-ஐ விட எழுத்து நன்றாகவே இருக்கும், செலவும் இல்லை.

சாதா யூஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐ எடுக்கும் கருவி ஒன்றும் கடையில் கிடைக்கும். அது படத்தைச் சுருக்கி டேட்டாவாக அனுப்பும் வேறு வகை. தனி டிரைவர் வேண்டும், பிராசஸரைத் தின்னும். எக்செலுக்கு ஓடும், ஆனால் பூட்டுப் போட்ட ஓடிடி படங்கள் அதில் கருப்பாகத்தான் தெரியும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

ரிமோட்ராசா:

லேப்டாப் பக்கம் மேலே சொல்லியாச்சு. டிவி பக்கம் பாதி வேலை இருக்கு ப்ரோ, அதைச் செய்யாம அடாப்டர் வாங்கினா "60 வந்துச்சு, ஆனா எழுத்து இன்னும் மங்கல்"னு திரும்ப வருவீங்க.

முதல்ல துளை. எல்லா எச்டிஎம்ஐயும் சமம் கிடையாது. சில டிவில ஒண்ணு ரெண்டுதான் முழு வேகம். துளை பக்கத்துல '4கே 60' மாதிரி ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க.

அடுத்து அந்தத் துளைக்கு முழு வேகத்தைத் திறந்து விடணும். நிறைய டிவில இது மூடியே வரும், பழைய பாக்ஸ் எதையாவது மாட்டினா குழம்பிடக் கூடாதுன்னு. பேருதான் கம்பெனிக்குக் கம்பெனி வேற:

- சாம்சங்: 'இன்புட் சிக்னல் ப்ளஸ்'. கொஞ்சம் பழசுல 'எச்டிஎம்ஐ யுஎச்டி கலர்'.
- எல்ஜி: 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்'.
- சோனி: 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்', அதுல 'என்ஹான்ஸ்டு'.

இது மூடியிருந்தா டிவி லேப்டாப் கிட்ட "4கே 60 வேணும்னா 4:2:0-ல அனுப்பு"ன்னு சொல்லும். அப்படின்னா வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியா வரும், நிறம் மட்டும் நாலு புள்ளிக்கு ஒண்ணுதான். சினிமாவுக்கு வித்தியாசமே தெரியாது. எக்செல்ல சிவப்பு எழுத்து சாயம் போன துணி மாதிரி ஆயிடும். நமக்கு வேண்டியது 4:4:4, அதாவது நிறமும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியா வர்றது.

மூணாவது, அந்த இன்புட்டுக்கு 'பிசி'ன்னு பேர் வைங்க. சாம்சங், எல்ஜி ரெண்டுலயும் இன்புட் பட்டியல்ல ஐகானை மாத்தலாம். வெறும் அலங்காரம்னு நினைக்காதீங்க, பேரை மாத்தினதும் டிவி தன்னோட பட வேலைப்பாட்டையெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு 4:4:4-ஐ அப்படியே காட்டும். சோனில பிக்சர் மோடை 'கிராஃபிக்ஸ்' இல்ல 'கேம்'னு வைங்க. 'டிவிஐ பிசி'ன்னு ஒரு பேர் பழைய டிவில இருக்கும், அதைத் தொடாதீங்க. அது வெச்சா டிவி சத்தத்தை எச்டிஎம்ஐல எதிர்பார்க்காது, தனி ஆடியோ ஒயர்ல எதிர்பார்க்கும். உங்க மூணாவது பிரச்சினை இதுவாவே கூட இருக்கலாம்.

டாஸ்க்பார் மறையறது ஓவர்ஸ்கேன். அந்தக் காலத்து டியூப் டிவிக்கு ஓரம் சரியா நிக்காது, அதனால படத்தைக் கொஞ்சம் பெருக்கி ஓரத்தை வெட்டிடுவாங்க. டியூப் போயிருச்சு, பழக்கம் போகல. பிக்சர் சைஸ் மெனுல சாம்சங்னா 'ஃபிட் டு ஸ்க்ரீன்', பழைய எல்ஜினா 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனினா டிஸ்ப்ளே ஏரியால 'ஃபுல் பிக்சல்'. 16:9-னு விட்டுடாதீங்க, அதுலதான் வெட்டு விழுது. இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டர்ல போய் படத்தைச் சுருக்கியும் ஓரத்தைக் கொண்டு வரலாம், ஆனா அது தப்பு வழி. அங்க சுருக்கி இங்க பெருக்கினா எழுத்து ரெண்டு தடவை அடி வாங்கும்.

ஷார்ப்னெஸ்ஸைக் கீழே இறக்குங்க. சாம்சங்ல 0. சோனில 50 தான் நடுநிலை, அதை 0 ஆக்கினா மங்கிடும். எழுத்தைச் சுத்தி வெள்ளையா ஒளிவட்டம் தெரிஞ்சா ஷார்ப்னெஸ் கூட இருக்குன்னு அர்த்தம்.

4:4:4 வந்துச்சான்னு சோதிக்க: டிஸ்ப்ளே ஸ்கேலிங்கை (எழுத்து, ஐகானைப் பெருக்கிக் காட்டற அளவு) 100% ஆக்கிட்டு பெயின்ட்டைத் திறங்க. நீலப் பின்னணில, ஒரு புள்ளி தடிமனுக்குச் சிவப்புக் கோடு, ஒரு புள்ளி இடைவெளி, மறுபடி சிவப்புக் கோடுன்னு பத்துக் கோடு நெருக்கமா போடுங்க. ஜூம் 100%. கோடு தனித்தனியா சிவப்பு, நீலம்னு தெரிஞ்சா 4:4:4. எல்லாம் கலந்து ஊதாப் பட்டையா தெரிஞ்சா இன்னும் 4:2:0 தான், மேல சொன்னதுல எதையோ விட்டிருக்கீங்க.

---

பிக்சல்கணக்கு:

ரிமோட்ராசா சொன்னதோடு ஒரு சேர்க்கை. விண்டோஸில் எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் வசதி) அணைத்தே வையுங்கள். எச்டிஆருக்கு 10 பிட் வேண்டும். 4கே, 60 ஹெர்ட்ஸ், 4:4:4, 10 பிட் நான்கும் சேர்ந்தால் எச்டிஎம்ஐ 2.0-ன் 18 கிகாபிட்டைத் தாண்டிவிடும். அப்போது எதையாவது குறைத்தாக வேண்டும். அனேகமாக 4:2:2 ஆகும், அதாவது நிறம் இரண்டு புள்ளிக்கு ஒன்றுதான், எழுத்து மறுபடி கெடும்.

சத்தத்துக்கு: டாஸ்க்பார் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, ஒலிப் பட்டைக்குப் பக்கத்து அம்பில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + வி அழுத்தினாலும் அதே பட்டியல்தான். பெயரே இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் 'இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ' முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

---

மேசைவிளக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. டைப்-சி பக்கத்தில் அந்த 'டி-பி' குறி இருக்கிறது. எச்டிஎம்ஐ 1.4 என்றுதான் விவரத்தாளில் போட்டிருக்கிறது. தனி அடாப்டர் மாட்டி, டிவியில் துளையைத் திறந்து, பிசி என்று பெயர் மாற்றியாகிவிட்டது. 3840×2160, 60 ஹெர்ட்ஸ் வருகிறது. சிவப்புக் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. சத்தமும் வந்துவிட்டது, 'டிவிஐ பிசி' தான் காரணம்.

புதிதாக இரண்டு:

அ) சுவர் ஓரமாகச் சுற்றி வர வேண்டியிருந்ததால் 5 மீட்டர் கேபிளாக மாற்றினேன். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை கருப்பாகி, இரண்டு மூன்று நொடியில் திரும்பி வருகிறது. இடையிடையே வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன.

ஆ) கருப்பு நிறம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. லேப்டாப் திரையில் அப்படி இல்லை.

---

பிக்சல்கணக்கு:

அ) வெள்ளைப் புள்ளி என்றதுமே கேபிள் என்று சொல்லிவிடலாம். டிஜிட்டல் சிக்னல் பழைய ஆன்டெனாப் படம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. பிழை குறைவாக இருக்கும்வரை படம் சுத்தமாக இருக்கும், சற்றுக் கூடினால் புள்ளிகள் மின்னும், இன்னும் கூடினால் டிவி பிடியை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பேச்சுவார்த்தை நடத்தும். அந்த இரண்டு மூன்று நொடிக் கருப்பு அதுதான்.

உறுதி செய்ய ஒரு சோதனை: அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கி அரை மணி நேரம் விடுங்கள். கருப்பாவது நின்றுவிட்டால் கேபிள்தான் குற்றவாளி. 30-இலும் கருப்பானால் அடாப்டரையோ, துளையின் தளர்ச்சியையோ சந்தேகப்படுங்கள்.

கேபிளில் '2.0', '2.1' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். எச்டிஎம்ஐ அமைப்பின் முறைப்படி கேபிளுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது, வகைதான் உண்டு. 'ஹை ஸ்பீடு' என்றால் 10.2 கிகாபிட், 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்றால் 18, 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்றால் 48. பின்னிரண்டுக்கும் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய லேபிள் இருக்கும். உங்களுக்குத் தேவை 18. 'ஹை ஸ்பீடு' மட்டும் போட்ட கேபிள் 1.5 மீட்டரில் 18-ஐத் தாங்கிவிடும், அதே தரம் 5 மீட்டரில் தள்ளாடும்.

அதனால்: 3 மீட்டருக்குள் முடிந்தால் முடித்துவிடுங்கள். 5 மீட்டர் கட்டாயம் என்றால் லேபிள் உள்ள பிரீமியம் வாங்குங்கள். 10, 15 மீட்டர் என்றால் சாதாக் கேபிளை மறந்துவிட்டு, படத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வகைக்குப் போங்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறு முனையில் 'டிஸ்ப்ளே' என்று அச்சிட்டிருக்கும், மாற்றி மாட்டினால் படமே வராது. சுவருக்குள் பைப் வழியாக இழுத்த பிறகு திசை தப்பு என்று கண்டுபிடிப்பது பெரிய வேதனை. இழுக்கும் முன் தரையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு கேபிளை இணைப்பான் போட்டு நீட்டுவதும் வேண்டாம். ஒவ்வொரு மூட்டும் சிக்னலுக்கு ஒரு வேகத்தடை.

ஆ) இது வரம்புப் பொருத்தமின்மை. கணினி கருப்பை 0, வெள்ளையை 255 என்று கணக்கிடும். டிவி உலகத்தில் கருப்பு 16, வெள்ளை 235. உங்கள் லேப்டாப் 16–235 அனுப்புகிறது, டிவி 0–255 வரும் என்று காத்திருக்கிறது. அதற்கு 16 என்பது கருப்பு இல்லை, கரும்சாம்பல். இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரில் டிஸ்ப்ளே பகுதியில் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்' இருக்கும், அதை 'ஃபுல்' ஆக்குங்கள். டிவியில் இதே விஷயம் சாம்சங்கில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்', எல்ஜியில் 'பிளாக் லெவல்', சோனியில் 'எச்டிஎம்ஐ வீடியோ ரேஞ்ச்'. 'லோ' அல்லது 'லிமிடெட்' என்றால் 16–235. 'நார்மல்', 'ஹை', 'ஃபுல்' என்றால் 0–255. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப் ஃபுல், டிவி லிமிடெட் என்று எதிர்ப்பக்கம் தப்பினால் இருட்டுப் பகுதியெல்லாம் ஒரே கரிக்கட்டையாகத் தெரியும். அப்படி ஆனால் டிவி பக்கத்தை மாற்றுங்கள்.

---

மூணுபின்:

யாரும் சொல்லாத ஒன்று. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? எச்டிஎம்ஐ முனையை டிவியில் செருகும்போது சின்னப் பொறி வருகிறதா? வந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். போர்ட் எரிவது இப்படித்தான்.

பல டிவிகளுக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. அவற்றின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு உடல் பகுதிக்கு வரும். மல்டிமீட்டரில் பார்த்தால் எர்த்துக்கும் டிவியின் எச்டிஎம்ஐ துளையின் உலோக உறைக்கும் நடுவே 230-இல் பாதி, 100 வோல்ட் சொச்சம்கூடக் காட்டும். மின்னோட்டம் மில்லிஆம்பியருக்கும் கீழே, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் 5 வோல்ட்டில் வேலை செய்யும் எச்டிஎம்ஐ சிப் அதைத் தாங்குமா? இதில் கேபிள் டிவி கோஆக்ஸ் ஒயரும் செட்டாப் பாக்ஸில் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். அது தெருக் கம்பத்திலிருந்து வருகிறது, அங்கே என்ன எர்த் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்த பாக்ஸ் எச்டிஎம்ஐ வழியாக டிவியோடு, டிவி உங்கள் லேப்டாப்போடு.

மாட்டும் வரிசை: டிவி, லேப்டாப் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் மூன்றையும் சுவிட்சில் அணைத்தால் போதாது, பிளக்கையே உருவுங்கள். கோஆக்ஸைக் கழற்றுங்கள். எச்டிஎம்ஐயை இரு பக்கமும் செருகுங்கள். பிறகு கோஆக்ஸ். கடைசியில் பிளக்குகள், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில்.

லேப்டாப் சார்ஜர் மூன்று பின் என்றால் அதை இரண்டு பின் மாற்றியில் போட்டு எர்த்தை வெட்டிவிடாதீர்கள். அந்த மூன்றாம் பின்தான் கசிவை வடித்துவிடுகிறது. பிளக் பாயிண்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள். மூன்று துளை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகாது, நம் ஊரில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாத போர்டுகள் ஏராளம்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது பிளக்கோடு கோஆக்ஸையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் உருவிவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

இன்னொன்று: ஆப்டிகல் கேபிள் போட்டால் எர்த் பிரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். படம் போவது ஒளியில். ஆனால் டிவியோடு பேசும் சிக்னலும் 5 வோல்ட்டும் போக அதற்குள்ளேயே செம்புக் கம்பியும் ஓடுகிறது. அதனால் பெரும்பாலான ஆப்டிகல் கேபிளிலும் எர்த் இணைந்தேதான் இருக்கும்.

---

நீலத்துளை:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பழைய டெஸ்க்டாப், விஜிஏ துளை மட்டும். 32 இன்ச் எச்டி ரெடி டிவியில் மாட்ட வேண்டும். எச்டிஎம்ஐ டு விஜிஏ என்று ஒரு சின்னக் கருவி மாட்டியும் 'நோ சிக்னல்' தான். வைஃபை வழியாக அனுப்பினால் இந்த ஒயர் தொல்லையே இல்லையா?

---

ரிமோட்ராசா:

கருவி தலைகீழா வாங்கிட்டீங்க. நீங்க மாட்டினது எச்டிஎம்ஐ உள்ளே, விஜிஏ வெளியே. புது லேப்டாப்பைப் பழைய புரொஜெக்டர்ல மாட்டறதுக்கு. உங்களுக்கு வேண்டியது 'விஜிஏ டு எச்டிஎம்ஐ'. பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ள இருக்கற சிப்பு வேலை நேர் எதிர். விஜிஏல அலையா வர்ற சிக்னலை எண்ணா மாத்தணும், அதுக்குக் கரண்ட் வேணும். அதனால ஒரு யூஎஸ்பி வாலும் இருக்கும், அதைக் கம்ப்யூட்டர்ல குத்துங்க. விஜிஏல சத்தம் வராது. 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஒயரும் சேர்ந்து இருக்கற கருவியா பார்த்து வாங்கி, ஸ்பீக்கர் துளைல இருந்து அதுக்குக் கொடுங்க. யூஎஸ்பி வால் இல்லாத, வெறும் பிளக் வடிவத்து ஒயர் ஒண்ணு மலிவா கிடைக்கும். உள்ள சிப்பே இருக்காது, ஒருக்காலும் வேலை செய்யாது.

எச்டி ரெடி டிவியோட பேனல் பெரும்பாலும் 1366×768. ஆனா எச்டிஎம்ஐல அது 1280×720-உம் 1920×1080-உம்தான் அதிகமா கேட்கும். எதைக் கொடுத்தாலும் நீட்டியோ சுருக்கியோதான் காட்டும், எழுத்து கூர்மையா வராது. பட்டியல்ல 1360×768 இல்ல 1366×768 இருந்தா அதை வைங்க. டிவிலயே விஜிஏ துளை இருக்கான்னும் பின்னாடி பாருங்க, அந்தக் காலத்து 32 இன்ச்ல நிறைய இருந்துச்சு. இருந்தா கருவியே வேண்டாம், ஒரு விஜிஏ ஒயரும் ஆடியோ ஒயரும் போதும்.

வைஃபை: விண்டோஸ் கீ + கே அழுத்தினா அனுப்பற வழி வரும், ஆனா கம்ப்யூட்டர்ல அதுக்கேத்த வைஃபை கார்டும் டிவில மிராகாஸ்ட்டும் (ஒயர் இல்லாம திரையை வாங்கிக் காட்டற வசதி) இருக்கணும். பழைய டெஸ்க்டாப், எச்டி ரெடி டிவின்னா ரெண்டுமே இருக்காது. இருந்தாலும் படம் சுருக்கித்தான் போகும், தட்டின எழுத்து கண்ணுல பட ஒரு தாமதம் இருக்கும். பாட்டுப் பார்க்கலாம், டைப் அடிக்க முடியாது.

---

மேசைவிளக்கு:

ஃபுல் ஆக்கியதும் கருப்பு சரியாகிவிட்டது. 30 ஹெர்ட்ஸில் அரை மணி நேரம் கருப்பாகவில்லை, ஆக கேபிள்தான். மேசையைச் சுவரோடு ஒட்டி 2 மீட்டரில் முடித்துவிட்டேன், 60-இல் நிலையாக நிற்கிறது. பிளக் பாயிண்டில் எர்த் ஒயர் இல்லை, மூணுபின் சொன்னதுதான். எலக்ட்ரீசியன் நாளை வருகிறார்.

கடைசியாக ஒன்று. டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், திறந்து வைத்திருந்த விண்டோக்கள் எல்லாம் லேப்டாப் திரைக்கு ஓடிப்போய்ச் சுருங்கிக் கிடக்கின்றன. லேப்டாப் மூடியை மூடிவிட்டு டிவியில் மட்டும் வேலை பார்க்கலாமா? ஸ்கேலிங் எவ்வளவு வைப்பது?

---

பிக்சல்கணக்கு:

எச்டிஎம்ஐயின் 19-ஆம் பின் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் கம்பி. பல டிவிகள் அணைந்ததும் அதைக் கைவிட்டுவிடும். விண்டோஸ் பார்வையில் அது ஒயரை உருவியதற்குச் சமம், உடனே எல்லாவற்றையும் மிச்சமிருக்கும் திரைக்கு வாரிக்கொண்டு போகும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போனால், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். டிவி திரும்ப வந்ததும் அவையும் பழைய இடத்துக்குத் திரும்பும்.

மூடியை மூடலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வையுங்கள், சார்ஜர் மாட்டியிருக்கும் நிலைக்கு மட்டும். பேட்டரி நிலைக்கும் அதையே வைத்தால், பைக்குள் போட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்து சூடேறும். மூடியபின் விண்டோஸ் கீ + பி அழுத்தி 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி'. சில மாடல்கள் கீபோர்டு வழியாகவும் காற்று இழுக்கும். அப்படி என்றால் முழுக்க மூடாமல் ஒரு சாண் திறந்து வையுங்கள்.

ஸ்கேலிங்: 43 இன்ச் 4கே என்றால் இன்ச்சுக்கு ஏறக்குறைய 102 புள்ளி. சாதா மானிட்டர் 96 பக்கம். அதனால் 100 சதவீதத்திலேயே வசதியாக இருக்கும், கண்ணுக்குச் சிரமம் என்றால் 125. விண்டோஸ் தானாக 300 என்று பரிந்துரைத்தால் பயப்படாதீர்கள், நீங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. எழுத்தின் ஓரத்தில் இன்னும் லேசாக நிறம் கசிந்தால் ஸ்டார்ட்டில் 'கிளியர்டைப்' என்று தேடி அந்தச் சோதனையை ஓட்டுங்கள். சில டிவி பேனல்களில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு-பச்சை-நீலம் என்ற வரிசை தலைகீழாக இருக்கும். முதல் இரண்டு மூன்று படிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அது சரியாகிவிடும்.

எலக்ட்ரீசியன் வந்து போகும்வரை அந்த எச்டிஎம்ஐயைக் கழற்றாமல், செருகாமல் அப்படியே விட்டுவையுங்கள்.